ஆளுக்கு ஒரு பிள்ளை

குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர்களாகப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களில் சிலர் தமிழர்கள் என்று கேள்விப்பட்டேன். தில்லியில் வளர்ந்தவர்கள் தமிழ் படிப்பது அபூர்வம். அதனால் படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ரிட்டயர் ஆனவள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. சட்டப்பிரிவு, அறிக்கை எழுதும் முறை எதையும் நான் தொடப்போவதில்லை. அதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள், இல்லாவிட்டால் போகப்போகத் தானே கைவந்துவிடும். ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

உங்கள் அறைக்குள் வந்து மேஜையைத் தட்டிக் கத்துகிறவர்களைப் பார்த்து ஆரம்பத்தில் மிரண்டுபோவீர்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றுவாள், ஒருத்தன் தலையில் அடித்துக்கொண்டு அழுவான். எனக்கு அவர்களிடம் பயமே இருந்ததில்லை. கத்துகிறவன் ஆத்திரத்தில் ஒரு உண்மையாவது உளறிவிடுவான், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். என்னைப் பயமுறுத்தியதெல்லாம் எல்லாரும் ஒத்துப்போய், சிரித்த முகமாக வந்து நிற்கும் வழக்குகள்தான்.

சண்முகவேலும் தேன்மொழியும் அப்படித்தான் வந்தார்கள். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் மதுரைப் பக்கம். அவர் மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர், கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். அந்த அம்மாள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பெண் அபிராமிக்குப் பதின்மூன்று வயது, பையன் கவினுக்கு ஆறு. இருவரும் சம்மதித்துப் பிரிகிற வழக்கு. காத்திருப்புக் காலமெல்லாம் முடிந்து, கடைசி வாக்குமூலம் கொடுக்கிற நாள் அது. அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்திருந்தது. பையன் அப்பாவோடு சென்னைக்கு, பெண் அம்மாவோடு தில்லியில். சாமான்களைக்கூடப் பிரித்தாகிவிட்டது. அன்று இரவு ரயிலுக்குப் பையனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தார்.

இந்த ஏற்பாட்டை எந்த வக்கீலும் செய்யவில்லை. கிட்வாய் நகரிலேயே இருந்த ஒரு ஊர்க்காரர், சண்முகவேலுக்கு மாமா முறை, பிள்ளைகளுக்குத் தாத்தா, தன் வீட்டில் இருவரையும் உட்காரவைத்துப் பேசி முடித்திருந்தார். நம் ஆட்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஊரை விட்டு எவ்வளவு தூரம் வந்தாலும் ஊர்க்காரர் ஒருவர் பஞ்சாயத்துக்குக் கிடைத்துவிடுவார். அவரும் அன்று வந்திருந்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய முறுக்குப் பொட்டலம் ஒன்றை என் மேஜையில் வைத்தார்.

"ஆளுக்கு ஒண்ணுன்னு பேசி முடிச்சிட்டோம்மா. யாருக்கும் மனத்தாங்கல் இல்ல. கோர்ட்டுக்கு நாங்க எந்தச் சிரமமும் வைக்கல, பாத்துக்கங்க."

முறுக்கை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கோர்ட்டில் எதையும் வாங்கக் கூடாது என்ற விதி நினைவுக்கு வருவதற்கு முன்பே கோபம் வந்துவிட்டது. பலகாரமா பங்கு போடுகிறார்கள்?

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன், அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அம்மாவும் கெட்டவள் இல்லை, அப்பாவும் இல்லை. வழக்கு இழுத்தால் இரண்டு பேருமே சீரழிவார்கள் என்று நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான். நல்லெண்ணத்தில் செய்த காரியத்தை நிறுத்துவதுபோலக் கஷ்டம் இந்த வேலையில் வேறு எதுவும் இல்லை.

நீதிபதிக்கும் அவசரம். அன்று அவர் முன்னால் வழக்குகள் குவிந்து கிடந்தன. "மேடம், இரண்டு குழந்தைகளிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அவர்களுக்குச் சம்மதம் என்று நீங்கள் சொன்னால் லஞ்சுக்கு முன்னால் முடித்துவிடலாம்" என்றார். இரண்டு வக்கீல்களும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என் அறைக்கு வெளியே நின்றார்கள்.

பெண்ணை முதலில் கூப்பிட்டேன். இரட்டைப் பின்னல், ஸ்கூல் யூனிஃபார்ம். அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, ஆனாலும் கோர்ட் என்பதால் யூனிஃபார்ம் போட்டு வந்திருந்தாள். நான் தமிழில் பேசினேன், அவளும் தமிழில் பதில் சொன்னாள். சுத்தமான மதுரைத் தமிழ். வீட்டுக்குள் தமிழ்தான் பேச வேண்டும் என்று அப்பா கண்டிப்பாம்.

"அம்மாவோட இருக்கறதுல உனக்குச் சம்மதமாம்மா?"

"சம்மதம் ஆன்ட்டி. எனக்கு இங்க ஸ்கூல் இருக்குல்ல. தம்பி சின்னப் பையன், அவனுக்கு எந்த ஸ்கூல்னாலும் பழகிரும். லீவுல பாத்துக்கிருவோம். ஒரு பிரச்சனையும் இல்ல."

யாராவது சொல்லிக் கொடுத்த பதிலை ஒப்பிக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கண் மேலே போகும், நடுவில் ஒரு வரி மறந்துபோகும். இவள் அப்படி இல்லை. நேராக என்னைப் பார்த்து, நான் அடுத்து என்ன கேட்பேன் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தவள்போலச் சொன்னாள். யாரும் சொல்லித் தரவில்லை, அவளே தயார் செய்திருக்கிறாள். பதின்மூன்று வயதுப் பெண் சம்மதத்தைத் தயார் செய்து எடுத்து வருவானேன் என்று எனக்கு உறுத்தியது. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனை வரச் சொன்னேன்.

கவின் உள்ளே வந்ததும் கதவைத் திரும்பிப் பார்த்தான். எங்கள் அறையில் ஒரு பொம்மைக் கார் உண்டு, ஒரு சக்கரம் இருக்காது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவனுக்கு இந்திதான் சரளம். பகலெல்லாம் கிரெச்சில் வளர்ந்த பிள்ளை, அப்பாவின் தமிழ்க் கண்டிப்பு அவனிடம் எடுபடவில்லை. தமிழில் 'வா', 'சாப்பிடு', 'தூங்கு' எல்லாம் தெரியும், நீளமாகப் பேசினால் நழுவிவிடும். நாங்கள் பேசியதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"சென்னைக்குப் போறியாமே?"

"ஆமா. எனக்கு அப்பர் பெர்த். தீதிக்கு எந்த பெர்த்னு பாப்பா இன்னும் சொல்லல."

இந்திக்காரப் பிள்ளைகள்போல அக்காவை அவன் தீதி என்றும் அப்பாவை பாப்பா என்றும்தான் சொன்னான். அம்மாவுக்கு எந்த பெர்த் என்று கேட்டேன்.

"மம்மி அப்புறம் வருவாங்க. ஸ்கூல்ல லீவு குடுக்கணும்ல. பாப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர். டிரான்ஸ்ஃபர்னா எல்லாரும்தான் போகணும்."

"யாரு சொன்னா உனக்கு?"

"தீதி சொன்னா."

"வீட்டுல அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவாங்களா கவின்?"

காரின் மூன்று சக்கரங்களையும் சுற்றிக்கொண்டே அவன் நிதானமாகச் சொன்னான்: "இல்லையே. டிரான்ஸ்ஃபர் பத்தி சத்தமா பேசுவாங்க. அவங்க தமிழ்ல வேகமா பேசுவாங்க, எனக்குப் புரியாது. என்ன பேசினாங்கன்னு தீதி அப்புறம் சொல்லுவா."

அரசு குவார்ட்டர்ஸில் வளரும் பிள்ளைகளுக்கு டிரான்ஸ்ஃபர் தெரிந்த விஷயம். கீழ் வீட்டுக்காரர் போவார், மேல் வீட்டுக்கு வேறொருவர் வருவார், லாரியில் சாமான் ஏறும். போகிறவர்கள் குடும்பத்தோடு போவார்கள். அந்தப் பெண் தம்பிக்குச் சொல்ல எத்தனையோ பொய்களில் அவன் நம்பக்கூடியதாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

இவனுக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாத பிள்ளையின் சம்மதத்தைத்தான் லஞ்சுக்கு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

அபிராமியை மறுபடி உள்ளே கூப்பிட்டு, தம்பியை எங்கள் ப்யூனோடு தண்ணீர் குடிக்க அனுப்பினேன். கதவு சாத்தியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா ஆன்ட்டி?"

"இல்ல."

"சொல்லிராதீங்க ப்ளீஸ். நான் பாத்துக்கிருவேன். ரயில் ஏறுறப்ப எனக்கு எக்ஸாம் இருக்கு, முடிச்சிட்டு அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லிருவேன். அப்புறம் போன்ல இன்னொரு வாரம்னு சொல்லுவேன். அப்புறம் இன்னொரு வாரம். அவன் சின்னப் பையன்தானே, கொஞ்சம் கொஞ்சமா மறந்துருவான்ல?"

கடைசியில் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். வீட்டில் யாரிடமும் கேட்க முடியாததை என்னிடம் கேட்டாள். இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாய் என்று மட்டும் கேட்டேன்.

"சம்மர்ல ஈஸி ஆன்ட்டி. சத்தம் ஆரம்பிச்சதும் எங்க ரூம்ல கூலர ஃபுல்லா வச்சிருவேன். அந்த கூலர் லாரி மாதிரி சத்தம் போடும், ஒண்ணும் கேக்காது. குளிர் காலத்துலதான் கஷ்டம். அப்ப ரஜாய்ப் போர்வைக்குள்ள போய் ரெண்டு பேரும் அவன் ஸ்கூல் பாட்டு எல்லாத்தையும் சத்தமா பாடுவோம். அவன் தூங்குற வரைக்கும் பாடுவேன். அவன் தூங்கினாலும் நான் முழிச்சிருப்பேன், நடுவுல எந்திரிச்சிட்டான்னா?"

"மாமா வீட்டுல பேசினப்ப உன்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நீ பெரியவ, நீதான் விட்டுக்குடுக்கணும், இல்லாட்டி கேஸ் வருஷக்கணக்குல நடக்கும், ரெண்டு பேரையும் ஹாஸ்டல்ல போட்டுருவாங்கன்னு தாத்தா சொன்னாரு. நான் சரின்னுட்டேன்."

"உனக்கு என்ன வேணும் அபி?"

அவள் சட்டென்று இந்திக்குத் தாவினாள். "அவன் நான் இல்லாம தூங்கமாட்டான்" என்றாள். பிறகு, "நானும்தான்" என்றாள். அப்போதும் அவள் அழவில்லை.

வெளியே வக்கீல் கதவைத் தட்டினார். "மேடம், ஜல்தி. நீதிபதி எழுந்துவிடுவார்."

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சம்மதம் என்று எழுதினால் வேலை முடிந்தது. சம்மதமில்லை என்று எழுதினால் நாளைக்கே அந்தப் பெண்ணை மாமாவும் வக்கீல்களும் சுற்றி உட்கார்ந்து, நீ என்ன சொன்னாய் என்று குடைவார்கள். வீட்டில் எல்லாச் சுமையையும் தூக்கியது போதாதென்று வழக்கைக் கெடுத்தவள் என்ற பழியும் அவள் தலையில் விழும். பையனை உட்காரவைத்து நானே உண்மையைச் சொல்லலாம். அதற்கு நான் யார்?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே ஒரு பஞ்சாபி அம்மாள் இருந்தார். சிடுமூஞ்சி, டீயில் இஞ்சி குறைந்தால்கூடச் சத்தம் போடுவார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் எந்த முடிவோடு வந்தாலும், அதைத் தன் முன்னாலேயே பிள்ளைகளிடம் சொல்லச் சொல்வார். "அவர்கள் வாயால் சொல்லட்டும். சொல்ல முடியவில்லையென்றால் அவர்கள் இன்னும் முடிவே எடுக்கவில்லை" என்பார். அவரோடு பல விஷயங்களில் நான் சண்டை போட்டிருக்கிறேன், இந்த ஒன்றை மட்டும் வேலையை விடும் நாள் வரை விடவில்லை.

அதனால் அப்பாவையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டேன். வக்கீல்களும் மாமாவும் வெளியே இருக்கட்டும் என்றேன். பையன் தண்ணீர் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அக்காவை ஒட்டி உட்கார்ந்தான்.

"நீங்க எடுத்திருக்கற முடிவக் கவின்கிட்ட நீங்களே ஒரு தடவை சொல்லிருங்க. நான் கேட்டுக்கறேன். அவ்வளவுதான்."

தேன்மொழி தரையைப் பார்த்தாள். சண்முகவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆபீஸில் எத்தனையோ கடினமான விஷயங்களை மேலதிகாரிகளிடம் சொல்லிப் பழகியவர்தான்.

"கவின், இங்க பாருப்பா. சில சூழ்நிலை காரணமா அம்மாவும் அப்பாவும் கலந்து பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கோம். எல்லாருடைய எதிர்காலத்தையும் யோசிச்சுத்தான்..."

பையன் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, வழக்கமாகச் செய்வதுபோல, அக்காவின் பக்கம் திரும்பினான்.

"ஏன்டா அவளப் பாக்குற? நான்தானே பேசுறேன்?"

"தீதி பதாயேகி" என்றான் அவன். அக்கா சொல்லுவாள் என்று.

அபிராமி ஒரு நொடி என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவள் தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இந்தியில் மெதுவாகச் சொன்னாள்: "பாப்பா என்ன சொல்றார்னா, சென்னைக்குப் போனதும் நல்ல வீடாப் பாப்பாராம். பார்க் பக்கத்துல. அங்கதான் நம்ம எல்லாரும் இருக்கப்போறோமாம்."

"அச்சா" என்றான் பையன். அவனுக்குத் திருப்தி. மறுபடி காரை எடுத்துக்கொண்டான்.

அந்த அறையில் எல்லாருக்கும் இந்தி தெரியும். பெற்றவர்கள் இருவரும் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார்கள். தங்கள் வீட்டில் இத்தனை காலம் பக்கத்து அறையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. தேன்மொழி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். சண்முகவேல் மகளைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை.

"எத்தன நாளாம்மா இப்படி?" என்று கேட்டார்.

"தெரியலப்பா" என்றாள் அவள். "சாரிப்பா."

அந்த 'சாரி'யைக் கேட்டதும் அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் பேசவில்லை. உங்களுக்கும் பேச வேண்டும் என்று நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். வக்கீல் மறுபடி தட்டினார். "இருங்கய்யா!" என்று நான் தமிழிலேயே கத்தினேன், பாவம், அவர் பீகார்க்காரர்.

முதலில் பேசியது சண்முகவேல்தான். மனைவியிடம் பேசினார், என்னிடம் இல்லை. "இவங்களப் பிரிக்க வேணாம் தேனு. ரெண்டு பேரும் உங்கிட்டயே இருக்கட்டும். நான் மட்டும் போறேன்."

ஒன்றை மட்டும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மனிதர் அன்றைக்கு இரண்டு பிள்ளைகளையும் இழந்தார். அவரை ஆறுதல்படுத்த என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. நம் அறையில் எடுக்கப்படும் நல்ல முடிவுகளுக்குக்கூட யாராவது ஒருவர் இப்படி விலை கொடுத்துவிட்டுத்தான் போகிறார்.

நான் நீதிபதியிடம் போய், பிள்ளைகளைப் பற்றிய ஏற்பாட்டைப் பெற்றோர் மாற்ற விரும்புகிறார்கள், அவகாசம் வேண்டும் என்றேன். இன்னின்னார் இன்னின்னது சொன்னார்கள் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணின் பெயரை எடுக்கவே இல்லை. நீதிபதி என் முகத்தைப் பார்த்தார், வேறு தேதி கொடுத்தார். மாமா என்னிடம் முகம் கொடுக்காமல் முறுக்கோடு போய்விட்டார். பிறகு விவாகரத்து நடந்தது. அதை நான் தடுக்கவில்லை, தடுக்க வேண்டிய கல்யாணமும் அது இல்லை. பிள்ளைகள் இருவரும் அம்மாவோடு தில்லியில் இருந்தார்கள், லீவுக்கு ஒன்றாகச் சென்னைக்குப் போய் வந்தார்கள்.

ஆனால் இதைச் சொல்லி முடிக்க நான் அந்த மத்தியானத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

தேதி வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, வராந்தாவின் கோடியில் சண்முகவேல் முட்டிபோட்டு உட்கார்ந்து கவினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். தமிழை விட்டுவிட்டு இந்தியில் பேசினார். குட்டிக் குட்டி வாக்கியங்கள். பாப்பா மட்டும் போறேன். நீ தீதியோட இங்கதான் இருப்ப. மம்மியும் பாப்பாவும் இனிமே ஒரே வீட்டுல இருக்கமாட்டோம். பையன் அக்காவைத் தேடித் திரும்பியபோது, அவர் அவன் கன்னத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பி, "நான் சொல்றேன்டா" என்றார். அவன் அழுதான். நன்றாக, ஊரைக் கூட்டி அழுதான். தேன்மொழியும் போய் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அபிராமி எழுந்து ஓடப்போனாள். நான் அவள் தோளைத் தொட்டேன்.

"ஆன்ட்டி, அவன் அழறான். நான் இப்ப என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்மா. அவங்க பாத்துப்பாங்க. நீ உக்காரு."

அவளுக்கு அது புரியவில்லை. என் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழ வசதியாக உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் அடுத்த குடும்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தேன். வக்கீல்களும் டீக்காரனும் அழுகிற தம்பியும், எல்லாச் சத்தமும் அந்த வராந்தாவில் இருந்தது. அவள் சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, பின்னல் ஒன்று அவிழ்ந்து தொங்க, தூங்கிக்கொண்டிருந்தாள்.

வழக்குக் கூப்பிடுகிறவர் அடுத்த பெயரைக் கத்த வாயைத் திறந்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் பெஞ்சைப் பார்த்தார், "அச்சா ஜி" என்று முணுமுணுத்துவிட்டு வராந்தாவின் அந்தக் கோடிக்கு நடந்துபோய்க் கூப்பிட்டார்.